கடைசி ஸ்பிரின்ட்டில் அணித்தோழர் எதற்கு?

முதலிடம் ஒருவருக்குத்தானே, அமெச்சூர் சைக்கிள் ரோடு ரேஸில் அணியாக ஓட்டி என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் காற்றுதான் காரணம். சமதளத்தில் மணிக்கு 40 கிமீ வேகத்தில் உழைப்பின் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போய்விடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் குறைந்தது கால்வாசியாவது மிச்சம்.

ஸ்பிரின்டர், அதாவது அணிக்காகக் கடைசியில் பாய்ந்து முடிப்பவர், முழு மூச்சில் தாங்குவது சுமார் 200 மீட்டர்தான். அந்தக் கடைசி 200 மீட்டர் வரும்வரை அவரைக் காற்றுப்படாமல் கொண்டுவர நம்பகமான ஒரே தோழர் போதும். அவர் வேகத்தைச் சீராக ஏற்ற வேண்டும். வெடுக்கென்று முடுக்கினால் நடுவில் இடைவெளி விழும். அதை மூடுவதற்குள் ஸ்பிரின்டரின் கால் தீர்ந்துவிடும். நான் பார்த்தவரை அமெச்சூர் அணிகள் கோட்டைவிடுவது இங்கேதான். எதிர்க்காற்று என்றால் ஸ்பிரின்ட்டை இன்னும் தாமதமாகத் தொடங்குங்கள். அப்புறம், வேலை முடிந்த தோழர் சட்டென்று விலகக் கூடாது, பின்னால் கூட்டமே விழும்.