ஐயாவின் சுருட்டும் கிடுகுக் கூரையும்

கேள்வி: ஐயாவுக்கு 74 வயது. எங்களுடையது மண்சுவர் வைத்த கிடுகு வீடு. இரவில் பாயில் சரிந்தபடியே சுருட்டுப் பிடிப்பார். தலைமாட்டில் குப்பிவிளக்கு எரியும். சென்ற கிழமை தலையணை கருகிப்போய்விட்டது. சொன்னால், "ஐம்பது வருடமாகப் பிடிக்கிறேன், எரியவேண்டும் என்று எழுதியிருந்தால் எரியும்" என்கிறார். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?
– வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: சகோதரி, சுருட்டை நிறுத்துவதைப் பிறகு பார்ப்போம். இன்று இரவு ஐயா அதை எங்கே இருந்து பிடிக்கப்போகிறார்? எனக்கு அதுதான் கவலை. ஐம்பது வருடப் பழக்கம் என்னுடைய பதிலுக்காக நிற்கப்போவதில்லை. ஆனால் பாயிலிருந்து முற்றத்துக்கு அதை இன்றைக்கே மாற்றிவிடலாம்.

எழுதியிருந்தால் எரியும் என்கிறாரா? மாரிக்கு முன் கூரை வேய்கிறாரே, நனையவேண்டும் என்று எழுதியிருந்தால் நனையட்டும் என்று ஏன் விடவில்லை? வயல் செய்தவர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். வைக்கோற்போருக்குப் பக்கத்தில் யாராவது பீடி பற்றவைக்க விட்டிருப்பாரா? சோளகக் காற்றில் காய்ந்த கிடுகு அந்த வைக்கோலுக்கு எந்த வகையில் குறைந்தது? அதன் கீழேதான் நீங்கள் எல்லோரும் படுத்திருக்கிறீர்கள்.

அந்தத் தலையணையைச் சிறிய விடயமாக நினைக்காதீர்கள். பஞ்சில் விழுந்த பொறி உடனே சுவாலை விடாது. உள்ளேயே கனன்று கனன்று மணிக்கணக்காகப் புகையும். அந்தப் புகையில் காபன் மொனொக்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூங்குகிறவரை எழுப்பாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு அணைந்துவிட்டது என்று திரும்பிப் படுப்பவர்கள் உண்டு. கருகிய தலையணையை வெளியே எடுத்துச் சென்று, கிழித்து, பஞ்சு முழுவதும் ஊறும்படி நனைக்கவேண்டும். இரவில் அதை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

இழுக்காமல் வைத்தால் தானாக அணையும் சிகரெட்டை 2004இல் நியூயோர்க் மாநிலமும், 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும் கட்டாயமாக்கின. தாளில் இடையிடையே காற்றைத் தடுக்கும் பட்டிகளை வைத்து அதைச் செய்கிறார்கள். புகையிலையைச் சுற்றிய சுருட்டில் அப்படி ஒரு காவல் இல்லை. காவல் வீட்டார்தான்.

செய்யவேண்டியது இதுதான். முற்றத்தில் சருகைக் கூட்டி அகற்றிய இடத்தில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போடுங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். ஆகவே அந்த மாதங்களில் கதிரை வீட்டுக்கு வடகிழக்கே, தாழ்வாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். பொறி பறந்தாலும் கூரைப் பக்கம் போகாது. பக்கத்தில் பாதி மணல் நிரப்பிய பால்பேணி ஒன்று. சுருட்டுக்கட்டும் நெருப்புப்பெட்டியும் அங்கே அவருடைய கைக்கு எட்டட்டும், பாயடியில் இருக்கவே கூடாது. நுளம்பு கடிக்கும் என்பார். சுருட்டு முடிந்த பிறகுதான் வலைக்குள் போகவேண்டும். நுளம்பு வலை நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

குப்பிவிளக்குத்தான் எனக்கு இன்னும் பயம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஓர் இரவு எங்கள் வீட்டில் பூனை தட்டி ஒரு குப்பி சரிந்தது. உருண்டது, மூடி கழன்றது, மண்ணெண்ணெய் சாணி மெழுகிய தரையில் ஓடியது, நெருப்பு அதன் பின்னாலேயே ஓடியது. தங்கையின் பாய்க்கு ஒரு சாண் இருக்கையில் அம்மா ஈரச்சாக்கைத் தூக்கிப் போட்டார். தண்ணீர் ஊற்றியிருந்தால் எண்ணெய் மிதந்து நெருப்பையும் பாய்வரை கொண்டுபோயிருக்கும்.

இந்தக் குப்பிகளால் வெந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர வேறொரு விளக்கைச் செய்தார். குள்ளமான, கனத்த கண்ணாடி. உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. திருகி இறுக்கும் உலோக மூடி. 1998இல் ரோலெக்ஸ் விருது அதற்காகவே அவருக்குக் கிடைத்தது. மார்மைட் போத்தலைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அப்படி ஒரு போத்தல் வீட்டில் இல்லாமலா இருக்கும்? படுக்கும்போது மின்சூள் போதும். விளக்குத்தான் வேண்டுமென்றால் சுவரோரம், பாய்க்கும் வலைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். எரியும் விளக்குக்கு எண்ணெய் விடாதீர்கள். நீங்களும் அடுப்படியில் நைலோன் சோட்டியோடு நிற்காதீர்கள், பருத்தி உடுத்துங்கள்.

கூரையில் பிடித்துவிட்டால் பெட்டியை எடுக்க, பத்திரங்களை எடுக்க என்று யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது. ஐயாவின் கையைப் பிடித்து வெளியே வாருங்கள். உடலில் தீக்காயம் என்றால் 20 நிமிடம் சாதாரண தண்ணீரை ஓடவிட்டபடி, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. பற்பசை, மை, முட்டை வெள்ளை எதையும் பூசாதீர்கள்.

இதை ஐயாவுக்கே வாசித்துக் காட்டுங்கள். கோபப்பட்டால் என்மேல் கோபப்படட்டும். அவர் கோபம் தணிவதற்குள் கதிரையை முற்றத்தில் போட்டுவிடுங்கள்.