தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் தொழிலாளர்கள் வாய் திறக்கத் தயங்குவது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புகார்ப் பெட்டி வைத்துப் பல மாதமாகியும் ஒரு சீட்டுகூட விழவில்லை. ஆபத்து எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. முதலில் பெட்டி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். மேலாளர் அறை வாசலிலோ கேமராவுக்கு நேராகவோ இருந்தால் யார் போடுவார்கள்? அதைவிடப் பெரிய காரணம், முன்பு சொன்னவற்றுக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாததுதான். அறிவிப்புப் பலகையில் வெளிப்படையாக எழுதுங்கள்: "கன்வேயர் மூடி தளர்ந்திருக்கிறது, பொறுப்பு பராமரிப்புப் பிரிவு, முடிக்க வேண்டிய நாள் இது." சொன்னவர் பெயர் வேண்டாம். நாள் தள்ளிப்போனால் பழைய தேதியை அழிக்காமல், பக்கத்திலேயே புதிய தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். செய்ய முடியாததென்றால் அதையும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். தொழிலாளர்கள் இதையெல்லாம் நின்று படிப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதிகளை நிர்வாகமே நியமிக்கிறது. சரியா?

பாதி நம்பிக்கை அங்கேயே போய்விடுகிறது. பிரதிநிதிகளைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். இரவு ஷிஃப்டையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 164ஆம் பரிந்துரை (1981), கூட்டுக் குழுவில் தொழிலாளர் தரப்பு குறைந்தது நிர்வாகத் தரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும் என்கிறது. குழு வேலைக்குச் சம்பளத்தோடு நேரம் தரவும் சொல்கிறது. ஷிஃப்ட் முடிந்த பிறகு கூட்டம் போட்டால் யாரும் வராதது இயல்பு.

கேள்வி: ஆபத்தென்று வேலையை நிறுத்தினால் பழிவாங்குவார்களோ என்று பயம்.

நியாயமான பயம்தான். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணத்தோடு விலகியவரைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அதே அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை (1981). 2022இல் அது அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக்கப்பட்டது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதென்றும் பாருங்கள். ஆனால் காகிதத்தைவிட, முதலில் நிறுத்துபவரிடம் சூப்பர்வைசர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள். அந்த வாரத்தில் அவருடைய ஓவர்டைம் வெட்டப்படுகிறதா, ஷிஃப்ட் மாற்றப்படுகிறதா என்று குழு கண் வைக்கட்டும்.

கேள்வி: விபத்தில்லா மாதத்துக்குப் போனஸ் தரலாமா?

வேண்டாம். காயத்தை மறைப்பார்கள், அடிபட்டவரைச் சக தொழிலாளர்களே "சொல்லாதே" என்பார்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், நூலிழையில் தப்பியதை வந்து சொன்னவருக்குக் கொடுங்கள்.