சோலார் இருக்கட்டும், முதலில் உப்பைக் கவனியுங்கள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வீடு கட்டப் போகிறோம், கரண்ட் பில்லும் குறையணும், சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் இருக்கக் கூடாது, மாடியில் சோலார் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வெயிலுக்கு இங்கே பஞ்சமே இல்லை, 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்ததே அதை நம்பித்தான். ஆனால் கமுதி உள்நாடு. நம் வீடுகள் கடலோரம். இங்கே எதைச் செய்தாலும் உப்பு முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் வீடு உச்சிப்புளி பக்கம், கடலுக்கு அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அப்பா 1996-இல் கட்டினார். கலவைக்கும் தளம் நனைப்பதற்கும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான், அது வாயில் வைக்க முடியாத உப்பு. பன்னிரண்டு வருஷத்தில் கூடத்துத் தளத்தில் கோடு விழுந்தது, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டுக்குப் பக்கத்தில் காரை பெயர்ந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி துருவேறி விரல் தடிமனுக்கு உப்பி நிற்கிறது. அந்தத் தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். ஒரு டன் சிமென்ட் தயாரிக்க அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை தளம் போட்டவன் மாடியில் நாலு பேனல் வைத்து என்ன ஈடு கட்ட முடியும் சொல்லுங்கள்?

அதனால் என் கணக்கில் இங்கே முதல் சிக்கனம் நல்ல தண்ணீரில் கான்கிரீட் போடுவதுதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள், தளத்துச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கடல் மணல் பேச்சே வேண்டாம். இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட்டோ நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டோ வாங்குங்கள், உப்பை உள்ளே விடாமல் நன்றாகத் தாங்கும், அவற்றைத் தயாரிப்பதில் வெளியேறும் கரியமில வாயுவும் குறைவு. கம்பி வெளியே தெரியாமல் கான்கிரீட்டுக்குள் மூடியிருக்க அடியில் முட்டுக் கொடுக்கிற சின்னக் கட்டைதான் கவர் பிளாக், அதை வைக்கும் நாளில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். "தம்பி, இதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று கொத்தனார் சொல்வார், சொல்லிவிட்டு ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

சரி, சூட்டுக்கு வருவோம். வீட்டைக் கொதிக்க வைப்பது பெரும்பாலும் மொட்டை மாடிதான். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டை ஓடு பதிக்கிற பழைய முறை இன்றைக்கும் நல்ல முறை. அதற்குக் கைப்பணம் இல்லையென்றால் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடியுங்கள். நாங்கள் ஒவ்வொரு பங்குனியிலும் அடிக்கிறோம், ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், மறுபடி அடிப்போம். முதல் வருஷம் அடித்த மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அம்மா செருப்பில்லாமல் மாடிக்குப் போய் வடகத்தைப் புரட்டிவிட்டு வந்தார். அதுவரைக்கும் அந்த நேரத்தில் அங்கே கால் வைக்க முடியாது.

மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைக்காதீர்கள். சாயங்கால வெயில் ஒரு பக்கம், கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மணல் இன்னொரு பக்கம். அந்தப் பக்கம் பூவரசோ புங்கையோ நட்டுவிடுங்கள், இரண்டுமே உப்புக் காற்றைப் பொருட்படுத்தாது. வாசலில் பனை ஓலையில் ஒரு சாய்ப்பு இறக்கினால் சுவரில் வெயிலே படாது. ஓலையை மாற்றிக்கொண்டே இருக்கணும், உண்மைதான். ஆனால் ஓலை துருப்பிடிக்காது!

ஃபேன் கணக்கு ஒன்று சொல்கிறேன். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடுகிற புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் (நம் ஊரில் ஓடும்) இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினோம், 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறிக்கொண்டிருந்த பில் கீழே இறங்கியது. மூன்றில் ஒன்றின் போர்டு ஒரே வருஷத்தில் போனது, வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஏ.சி. போட்டே ஆகணும் என்றால் ஒரு ரூமுக்கு மட்டும் போடுங்கள், வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் சோலார். ஒரு கிலோவாட் போட்டால் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் எதிர்பார்க்கலாம். 2024-இல் அறிவித்த மத்திய அரசுத் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். எல்லாரும் பேனல் எந்தக் கம்பெனி என்றுதான் கேட்கிறார்கள், அதைத் தாங்குகிற இரும்பு ஆங்கிளை யாரும் பார்ப்பதில்லை. என் மச்சான் வீட்டில் போட வந்தவர்கள் மாடியிலேயே ஆங்கிளை வெட்டி, துளை போட்டு, வெட்டிய இடத்தில் ஒரு சொட்டுப் பெயின்ட்கூட வைக்காமல் போய்விட்டார்கள். மூன்றாம் வருஷம் ஆடியில், கச்சான் நன்றாக ஏறிய ஒரு ராத்திரி, ஒரு பேனல் ஒரு பக்கம் எழும்பித் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் விடியும்வரை தாம்புக்கயிற்றால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டவர்களுக்கு ஃபோன் அடித்தால் எடுக்கவே இல்லை. ஆகவே ஆங்கிள் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கணும், வெட்டிய முனைக்கு ஜிங்க் பெயின்ட் வேணும், போல்ட் 316 கிரேடு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), பேனல் ஐ.இ.சி. 61701 உப்புப் பனிச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். பேனலை உப்புத் தண்ணீரில் கழுவாதீர்கள், காய்ந்ததும் வெள்ளையாகப் படியும்.

கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்றால், மாடித் தண்ணீரைப் பிடியுங்கள். 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்குக் குறையாது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அப்புறம் தொட்டிக்குத் திருப்புங்கள். முடிந்தால் வீட்டு வேலை தொடங்கும் முன்பே தொட்டியைக் கட்டிவிட்டு, மழை முடிந்து தை மாதம் வேலையைத் தொடங்குங்கள். தளம் நனைக்க அந்தத் தண்ணீரே உதவும்.

மனை கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் சொல்லவில்லை. நன்றாக உள்ளே தள்ளி இருந்தால் போல்ட், ஆங்கிள் விஷயத்தில் நான் சொன்ன அளவுக்குப் பயப்பட வேண்டாம். கிணற்றுத் தண்ணீரை மட்டும் எதற்கும் சோதித்துவிடுங்கள்.