லினக்ஸ் இன்ஸ்டாலரில் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை. மதர்போர்டு ஒத்துவரவில்லையா, டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

டிஸ்க்கை மாற்ற அவசரப்படாதீர்கள். சாட்டா (பழைய டிஸ்க் இணைப்பு வகை), என்விஎம்இ (வேகமான புதிய வகை) இரண்டுக்கும் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. என்விஎம்இ டிரைவர் 2012இல் வந்த 3.3 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. அதனால் எந்தக் கம்பெனி டிஸ்க் என்பது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு செட்டிங்ஸ்) தெரிகிற டிஸ்க் இன்ஸ்டாலரில் மட்டும் தெரியவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது பயாஸில் உள்ள ஸ்டோரேஜ் மோடு.

இன்டெல் சிஸ்டங்கள் பல, அதிலும் லேப்டாப்புகள், 'ரெய்டு' (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) அல்லது 'ஆர்எஸ்டி' (இன்டெலின் ஸ்டோரேஜ் அமைப்பு) மோடில் வருகின்றன. அப்போது என்விஎம்இ டிஸ்க் சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், லினக்ஸுக்கு எட்டாது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து கெர்னல் லாக்கைப் பாருங்கள். 'ரீமேப்டு என்விஎம்இ' இருப்பதாகவும், ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ என்ற சாதாரண மோடுக்கு மாற்றும்படியும் அதிலேயே எழுதியிருந்தால் காரணம் இதுதான். 11ஆம் தலைமுறை முதல் வந்த பல இன்டெல் சிஸ்டங்களில் இதே வேலையை விஎம்டி என்ற அமைப்பு செய்கிறது. அதற்குப் புதிய கெர்னலில் டிரைவர் உண்டு; பழைய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் ஃபைல்) என்றால் புதியதை இறக்குங்கள், அல்லது பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுங்கள்.

விண்டோஸும் அதே டிஸ்க்கில் இருந்தால் மோடை நேரடியாக மாற்றாதீர்கள், நீலத்திரைதான் வரும். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை எடுத்து வையுங்கள். விண்டோஸ் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். நேராக பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐக்கு மாற்றிச் சேமியுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் ஒருமுறை எழுந்தால் சரியான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் லாகின் பின் (PIN) எண் வேலை செய்யாமல் போகலாம், பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கை உண்மையிலேயே ரெய்டாகச் சேர்த்திருந்தால், முழு பேக்கப் எடுக்காமல் இதில் கை வைக்கவே கூடாது.

பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லை என்றால் கதை வேறு, லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போர்டில் டிஸ்க்கை நேராகச் செருகும் எம்.2 ஸ்லாட் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சில சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும். இன்னொரு சிக்கல்: எம்.2வில் டிஸ்க் ஏறியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளை அணைத்துவிடும் போர்டுகள் உண்டு. எந்தப் போர்ட் என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டில் செருகினால் டிஸ்க் வந்துவிடும்.

பழைய போர்டில் அடாப்டர் வைத்து என்விஎம்இ போட்டால் லினக்ஸ் அதைப் பார்க்கும், ஆனால் பயாஸால் அதிலிருந்து பூட் செய்ய முடியாது. பூட் பார்ட்டிஷனை மட்டும் சாட்டா டிஸ்க்கிலோ யூஎஸ்பியிலோ வைத்தால் போதும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறை போதாது, ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும். யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) இல்லாத போர்டிலும் ஜிபிடி ஓடும். ஆனால் அங்கே க்ரப்புக்காக (லினக்ஸை பூட் செய்யும் புரோகிராம்) 1 எம்பியில் ஃபார்மட் செய்யாத 'பயாஸ் பூட்' பார்ட்டிஷன் ஒன்று தனியாக விட வேண்டும். இதை விட்டுவிட்டால் இன்ஸ்டால் கடைசிக் கட்டத்தில் க்ரப் ஏறாமல் நிற்கும்.

சாட்டா டிஸ்க் தெரிந்தும் நடுவில் தொங்கினால் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் வசதி) பட்டியலைப் பாருங்கள். 199ஆம் வரிசையில் உள்ள சிஆர்சி பிழை (டேட்டா போகும் வழியில் வரும் பிழை) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண்ணிக்கை குறையாது, ஏறாமல் நின்றால் சரி. கெட்டுப்போன செக்டர்களைக் காட்டும் 5, 197 ஆகியவற்றின் எண்ணிக்கை ஏறினால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. இன்ஸ்டாலை நிறுத்திவிட்டு முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள்.