விட்ஸ் வண்டியில் ஊமையான ஸ்பீக்கர்: மொரீஷியஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கத்ர்போர்னில் வீடு, எபேனில் அலுவலகம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான 2008 டொயோட்டா விட்ஸ் ஒன்றை இங்கே ஒருவரிடம் வாங்கியிருக்கிறீர்கள். இடதுபக்க முன் ஸ்பீக்கர் ஊமை. வலதுபக்கம் கரகரக்கிறது. ரேடியோவில் 90-க்கு மேல் எண்ணே வருவதில்லை. பட்டறையில் ரேடியோ செட்டையும் நான்கு ஸ்பீக்கர்களையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். ஊரிலிருந்து வந்த முதல் ஆண்டில் கையில் தங்கும் பணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு பங்கை, எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமலேயே கொடுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. துணி ஆலையில் மின் பராமரிப்பு வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்தவன் நான். பொருளை மாற்றும் முன் கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்த வேலையே.

90 விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது கோளாறே அல்ல. ஜப்பானில் எஃப்எம் ஒலிபரப்பு 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அந்தக் காலத்து ஜப்பான் செட்டுகள் 90-உடன் நின்றுவிடும். இங்கும் நம் ஊரிலும் எஃப்எம் 87.5 முதல் 108 வரை. இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அகப்படும் நிலையங்கள் மட்டும்தான் உங்களுக்குக் கேட்கின்றன. ஆன்டெனா கம்பிக்கும் செட்டுக்கும் நடுவே பொருத்தும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அலைவரிசையைப் பெரும்பாலும் 20 அளவு கீழே இறக்கித் தரும். 98-இல் வரும் நிலையம் உங்கள் செட்டில் 78-இல் கேட்கும். விலை அதிகமில்லை. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே பொருத்தி, அது செட்டுக்குப் பின்னால் கழன்று தொங்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.

இனி ஸ்பீக்கர். எதையும் கழற்றுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை: உங்கள் வண்டியில் இருப்பது வரைபடம் காட்டும் ஜப்பானிய செட் என்றால், வண்டியின் பேட்டரி இணைப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். டொயோட்டாவின் பல ஜப்பானிய செட்டுகள், மின்சாரம் ஒருமுறை அறுந்தால் பூட்டிக்கொள்ளும். திரும்பத் திறக்க ரகசிய எண்ணோ அதன் பழைய வரைபட அட்டையோ கேட்கும். இரண்டும் ஜப்பானிலேயே தங்கிப்போயிருக்கும். நல்ல செட் ஒன்று அப்படி ஒரே நிமிடத்தில் வீணாவதைப் பார்த்தால் வயிறு எரியும். சாவியை அணைத்துவிட்டு வேலை செய்தாலே போதும்.

செட்டின் பேலன்ஸ் (ஒலியை இடம் வலமாகப் பிரிப்பது), ஃபேடர் (முன் பின்னாகப் பிரிப்பது) இரண்டும் நடுவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இடது கதவின் உள்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரின் இணைப்பை எடுங்கள். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றின் இரு முனைகளிலிருந்தும் கம்பி எடுத்து, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்று சத்தம் வந்து காகிதக் கூம்பு அசைந்தால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது. அசைவே இல்லையென்றால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. மின்தடையை ஓமில் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 4 ஓம் ஸ்பீக்கர் நல்ல நிலையில் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும்.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் பாடவில்லை என்றால், வலதுபக்க ஸ்பீக்கரைக் கழற்றி வந்து இடது கதவின் கம்பியில் கொடுத்துப் பாருங்கள். கரகரத்தாலும் அதில் ஒலி வருகிறதல்லவா, சோதனைக்கு அது போதும். அதுவும் அங்கே ஊமையானால், கோளாறு கம்பியிலோ செட்டிலோ இருக்கிறது. பெரும்பாலும் கம்பிதான். கதவுக்கும் வண்டிக்கும் நடுவே, கீல் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் கம்பி வளைந்து நிமிர்கிறது. பல ஆண்டுகளில் உள்ளே செம்பு அறுந்துவிடும். மேலுறை மட்டும் முழுசாகத் தெரியும். பாட்டை ஓடவிட்டு, அந்தக் குழாயைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். ஒலி வந்து வந்து போனால் கோளாறு அகப்பட்டுவிட்டது. அறுந்த இடத்தை வெட்டி, கொஞ்சம் நீளமாகப் புதுக் கம்பி சேர்த்துப் பற்றவைத்தால் முடிந்தது.

இதில் ஒன்று கட்டாயம். ஸ்பீக்கரின் மைனஸ் கம்பியைச் சோதனைக்காகக்கூட வண்டியின் உலோக உடம்பில் தொடாதீர்கள். இந்தக் காலத்து செட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளிலுமே சுமார் 6 வோல்ட் நிற்கும். உடம்பில் பட்டால் செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் கருகிப்போகலாம்.

வலதுபக்கக் கரகரப்பைக் காதால் பிரித்தறியலாம். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது மட்டும் வந்தால் கம்பி அல்லது இணைப்பு. மிருதங்கமும் தவிலும் ஓங்கும்போது மட்டும் வந்தால் கூம்பின் விளிம்பு கிழிந்திருக்கிறது. மெல்லிய ஒலியிலும் விடாமல் வந்தால், செட்டை அணைத்துவிட்டு இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக உள்ளே அழுத்திப் பாருங்கள். தேய்க்கும் உணர்வு விரலில் தெரிந்தால் சுருள் காந்தத்தில் உரசுகிறது. அந்த ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதானால் 4 ஓம், அதே விட்டம். கண்ணாடியை முழுதும் கீழே இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே பொருத்துங்கள். சில டொயோட்டாக்களில் ஸ்பீக்கரை ஸ்குரூவால் அல்ல, ரிவெட்டால் அடித்திருப்பார்கள். துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இந்தத் தீவில் ஸ்பீக்கரைக் கொல்வது தண்ணீர். கியூர்பிப், வாக்வா பக்கம் விடாத மழையும் ஈரமும். கரையோரம் உப்புக் காற்று. கண்ணாடி வழியே இறங்கும் மழை கதவுக்குள்தான் ஓடி, அடியிலுள்ள துளைகளில் வெளியேறுகிறது. உள்பலகைக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பட்டறைகளில் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அந்தத் தாள் இல்லாத கதவில் எந்த ஸ்பீக்கரும் நிலைக்காது. கிழிந்திருந்தால் புதுத் தாள் வெட்டி ஒட்டுங்கள், அடித்துளைகளில் சேர்ந்த சேற்றைக் குத்தி எடுங்கள்.

சேறு என்றதும், நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் வருகிறது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் வண்டிகள் மிதந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வெள்ளத்தில் நின்ற வண்டி கழுவித் துடைக்கப்பட்டு உங்களைப் போன்ற புதியவரிடம் வந்து சேரலாம். கதவைத் திறந்திருக்கும்போதே பாருங்கள்: ஸ்பீக்கரின் உலோகக் கூட்டில் நேர்கோடாக மண் படிந்திருக்கிறதா, இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா, இருக்கைத் தண்டவாளங்களின் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா. இரண்டு கதவுகளிலும் ஒரே உயரத்தில் கோடு இருந்தால், பாட்டை மறந்துவிடுங்கள். வண்டியின் நடுவே, தரையோடு ஒட்டி இருக்கிறது ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. முதலில் அதையும் கம்பளத்துக்கு அடியிலுள்ள இணைப்புகளையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பட்டறைக்குத் திரும்பப் போகும்போது, பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துத் தமிழில் தொடங்காதீர்கள். பட்டறைக்காரர் முருகனுக்குக் காவடி எடுப்பவராக இருப்பார்; ஆனால் பேச்சு இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் இருக்கும். பேலன்ஸைத் திருப்பி, கதவை ஆட்டி, அவர் காதாலேயே கேட்க வையுங்கள். பணிவாகக் காட்டினால் மனம் வைத்துச் செய்வார்கள்.

ரேடியோ விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும். வீட்டில் மின்சாரம் போனால், அறிவிப்பைக் கேட்க வண்டி ரேடியோ கைகொடுக்கும்.

பேட்டரி தொட்டபோது கூம்பு அசைந்ததா, மீட்டர் என்ன காட்டியது, மண் கோடு இருக்கிறதா, இந்த மூன்றையும் எழுதுங்கள். அடுத்தது என்ன என்று சொல்கிறேன்.