டீச்சர் ஆச்சி பதில்கள்: திரையில் வருகிறவர் யார் வீட்டுப் பிள்ளை?

தேவகோட்டை வாசகி ஒருவர்: ஆச்சி, தீபாவளிக்கு வந்த மகனும் மருமகளும் என்னைக் காரைக்குடிக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். படம் முடிந்து காரில் ஏறும்போது, “அத்தை, படத்துல அந்த ஹீரோவுக்குப் பேரு என்ன?” என்று மருமகள் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. இப்போதைய படங்களில் கதையும் இல்லை, மனுஷரும் இல்லை என்கிறேன் நான். “எல்லாக் காலத்துலயும் பெரியவுக இப்படித்தான் சொல்லுவாக” என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

பாதி உங்கள் பக்கம், பாதி மகன் பக்கம். முதலில் உங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

நம் செட்டிநாட்டு வீட்டு முகப்பில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், தண்ணீர் கொடுத்த கையோடு என்ன கேட்போம்? எந்த ஊரு, எந்தக் கோயிலு, யார் வீடு. பதில் வந்ததும் அவர் பங்காளியா, சம்பந்தம் செய்துகொள்ளக்கூடியவரா, அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். இன்றைக்குப் பெரும்பணம் போட்டு எடுக்கும் படங்களின் நாயகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு ஊர் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று தெரியாது. அம்மா, தங்கை என்று யாராவது இருந்தால் வில்லன் கையால் சாகத்தான் இருப்பார்கள். பெயர் மனசில் நிற்காததற்கு உங்கள் ஞாபகமறதி காரணமில்லை, ஆச்சி.

எங்கள் பங்காளி வீடு ஒன்றைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒருமுறை வந்த யூனிட், வளவு எனும் நடுமுற்றம் முழுக்க விளக்குப் போட்டு, வெண்கலப் பானைகளை வாடகைக்கு வாங்கி வரிசையாக அடுக்கியது. கதைப்படி அது பெரிய குடும்பத்து வீடு. உதவி இயக்குநரான அந்தத் தம்பியிடம் என் கொழுந்தியா, “இந்த வீட்டுல எத்தனை புள்ளி?” என்று கேட்டாள். நம் பக்கம் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிட்டால் ஒரே வீட்டுக்குள் அவர்களுக்குத் தனி அடுப்பு. கேள்வியைப் புரியவைத்த பிறகும் அந்தத் தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. கதையில் எத்தனை மகன்கள், யார் எந்த அறையில் படுப்பது, அடுப்பு ஒன்றா நாலா, எதுவும் எழுதப்படவில்லை. பாட்டியாக நடிக்க வந்த அம்மாவுக்குக் காலை முதல் சாயங்காலம் வரை இரண்டே வேலை: நகையோடு ஊஞ்சலில் உட்காருவது, ஆசீர்வாதம் செய்வது. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, எழுபது வயதிலும் மடியில் கொத்துச் சாவியோடு வீட்டின் பின்பக்கமான மூன்றாம் கட்டு வரை நடந்து, வற்றல் காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வருவார். ஊஞ்சலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இதோடு 1986-ல் வந்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தை வைத்துப் பாருங்கள். அரண்மனையும் இல்லை, சண்டையும் இல்லை. வீட்டுச் செலவுக்குத் தரும் பணத்தில் மூத்த மகன் கணக்குப் பார்க்கிறான். அப்பாவுக்கும் மகனுக்கும் வார்த்தை தடித்து, வீட்டுக்கு நடுவில் கோடு விழுகிறது. அந்த வீட்டில் யாருக்கு என்ன வரும்படி, யார் யாரிடம் பேசுவதில்லை என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. அதனால்தான் கோடு போடும் இடத்தில் நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஏன் இப்படி ஆயிற்று? முக்கியமான காரணம், எழுதுவதற்கென்று தனியாக ஆள் இல்லாமல் போனது. ஜெமினி, ஏவி.எம். ஸ்டுடியோக்களில் கதை இலாகா என்றே ஒன்று இருந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்து, இந்தப் பாத்திரம் ஏன் இப்படிச் செய்கிறது என்று சண்டை போடுவார்கள். நாடகத்திலிருந்து வந்த கதை என்றால் இன்னும் கெட்டி. காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்து நம் ஊர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் எடுத்து, 1947 பொங்கல் சமயத்தில் வெளிவந்த ‘நாம் இருவர்’, ப. நீலகண்டனின் ‘தியாக உள்ளம்’ என்ற நாடகம்தான். சனங்கள் எங்கே கொட்டாவி விடுகிறார்கள், எங்கே கண்ணைத் துடைக்கிறார்கள் என்பதை மேடையிலேயே பார்த்துவிட்ட கதை. இன்றைக்குப் பல படங்களில் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். கேள்வி கேட்க எதிரே ஆள் வேண்டாமா?

இன்னொன்று வியாபாரம். முன்பு படப்பெட்டி மதுரையில் ஓடி, காரைக்குடிக்கு வந்து, பிறகு டூரிங் கொட்டகைக்குப் போகும். ஒருவர் பார்த்துவிட்டு நாலு பேரிடம் கதை சொன்னால்தான் நூறு நாள் ஓடும். இப்போது முதல் மூன்று நாள் வசூலிலேயே தலையெழுத்து தெரிந்துவிடுகிறது, நாலு வாரத்தில் ஓடிடிக்கும் வந்துவிடுகிறது. கூடவே ஐந்து மொழியில் ஓட வேண்டும் என்ற கணக்கு. ஐந்து மாநிலத்துக்கும் பொதுவாக ஒரு மனிதனைச் செய்யப் போனால், முதலில் அவன் பேச்சில் இருக்கும் ஊரைத்தான் எடுத்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் மகன் பக்கம். 1950-களின் கடைசியில் நம் அழகப்பா கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். வந்தார். இளையான்குடி மாணவர் ஒருவர் அவரை மேடையில் வைத்துக்கொண்டே, தமிழ் சினிமா வாழ்க்கையோடு ஒட்டவே இல்லை என்று பேசினார். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார். அந்த மாணவர்தான் பின்னாளில் ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ எடுத்த மகேந்திரன். நாம் பொற்காலம் என்று சொல்லும் காலத்திலேயே, நம் ஊரிலேயே எழுந்த குறை இது. அந்தக் காலத்துக் குப்பைகளை மறந்துவிட்டோம், நல்ல படங்கள் மட்டும் மனதில் தங்கியிருக்கின்றன. அன்றைய சிறந்ததை இன்றைய மோசமானதோடு நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை.

இன்றைக்கும் நல்ல படம் வருகிறது. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ 2021-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. குடிகார அப்பாவும் சின்னப் பையனும் கொதிக்கிற வெயிலில் நடக்கிறார்கள். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன அம்மாவைக் கூட்டிவர வேண்டும். வசனம் மிகக் குறைவு. தாகத்துக்குப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அதை அவன் வைக்கும் இடத்தில் ஏற்கெனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த நடை அவனுக்கு எத்தனையாவது தடவை என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. அந்த ஒரு காட்சியில் அவன் யார் வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது முழுக்கத் தெரிந்துவிடுகிறது. இதை எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது கலை அழிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? பணம் கொழிக்கும் இடத்தில் அவர்களைக் காணோம், அதுதான் என் வருத்தம். அடுத்தமுறை படம் எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள், மகனைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: பேரனுக்குப் பத்து வயது. வெட்டுக்குத்துப் படத்துக்கெல்லாம் கூட வருவேன் என்கிறான். அழைத்துப்போகலாமா?

சான்றிதழைப் பாருங்கள். முன்பு வெறும் ‘யூஏ’ என்று இருந்ததை இப்போது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ‘யூஏ 13+’ என்று இருந்தால், பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று தணிக்கைக் குழுவே சொல்கிறது என்று அர்த்தம். ‘ஏ’ என்றால் பேச்சே இல்லை.

காரைக்குடி கல்லூரி மாணவர்: டீச்சர் ஆச்சி, எங்க ஐயா வீட்டில் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறேன். கதை, வீட்டை விற்க மறுக்கும் ஒரு பெரியவரைப் பற்றியது. பாத்திரம் உயிரோடு வர என்ன செய்ய வேண்டும்?

கேமராவைத் தொடும் முன் நோட்டை எடுங்கள், தம்பி. அந்த வீட்டில் எத்தனை பங்கு, யார் யார் கையெழுத்துப் போட்டால் விற்க முடியும்? சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளில் யாருக்கு இப்போது பணமுடை? ஓடு மாற்றியபோது காசு கொடுத்தது யார், கொடுக்காமல் இருந்தது யார்? பெரியவர் தனியாக இருக்கிறார் என்றால் சமைப்பது யார், மழை பெய்தால் எந்த அறையில் ஒழுகும், அவர் கட்டிலை எங்கே நகர்த்துவார்? இதில் முக்கால்வாசி படத்தில் வராது. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான், “விக்க மாட்டேன்” என்று அவர் சொல்லும்போது அது யாரைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை என்று நடிகருக்கு விளங்கும்.

தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் சுற்றிச் சுற்றி எடுக்க ஆசை வரும். ஒரு ஷாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டைச் சனங்கள் நூறு படத்தில் பார்த்துவிட்டார்கள். உங்கள் பெரியவரைத்தான் இன்னும் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். சிவப்புப் பேனா இன்னும் கைவசம் இருக்கிறது, வரிக்கு வரி பார்த்துத் தருகிறேன்.