லயத்து வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு அரசாங்க வீட்டுக் கடன் வாங்குவதா, பழுதுபார்க்க உதவி கேட்பதா?

மலேசியாவிலிருந்து வந்த கேள்வியில் இருக்கும் விவரம் இதுதான்: அப்பா செம்பனைத் (பாமாயில்) தோட்டத்தில் வேலை, அடுத்த வருடம் 60 வயதாகி ஓய்வு, தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது, டவுனுக்கு வெளியே காலமான தாத்தா பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது.

நான் சுங்கை சிப்புட்காரன். தோட்டத்து ஆட்களுக்கு இந்த விண்ணப்பப் பாரங்களை (படிவங்களை) நிரப்பிக் கொடுக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். பாரத்தை அப்புறம் எடுக்கலாம், வீடு நிற்கிற மண் யாருடையது என்பதை முதலில் பாருங்கள். எந்தக் கதவு திறக்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான், வருமானக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

லயத்து வீடு கம்பெனியின் சொத்து. அதற்கு அரசாங்கப் பழுதுபார்ப்பு உதவி கேட்டு அலைய வேண்டாம். அந்தக் கூரையைச் சரிசெய்து தர வேண்டியது முதலாளியின் கடமை, தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் அதைத்தான் சொல்கிறது. மானேஜருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அப்பா வேலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே தவிர கூரை மாற்றித் தர மாட்டார்கள். எங்கள் ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போன நம் ஆட்களுக்காகத்தான். இத்தனை வருடம் கழித்தும் தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டே இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இனி தாத்தா நிலம். உங்கள் கையில் இருக்கிற பெரிய பலம் அதுதான், ஆனால் பத்திரம் இன்னும் அவர் பெயரிலேயே கிடந்தால் அது பாதி பலம்தான். எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) ஓர் அக்கா, கணவர் இல்லை, மாமனார் நிலத்தில் பலகை வீடு. குளியலறைப் பக்கம் பலகை உளுத்து விரல் வைத்தால் உள்ளே போகும், கூரைமேல் நீலக் கேன்வாஸ், அதன்மேல் பழைய டயர். பழுதுபார்ப்பு உதவிக்காக வீட்டைப் பார்க்க வந்த அதிகாரிக்கே மனசு இளகிவிட்டது. ஆனால் மாமனார் இறந்து பெயர் மாற்றவே இல்லை, பிள்ளைகள் ஐந்து பேர், ஒருவர் சிங்கப்பூரில். அனுமதிக் கையெழுத்து யார் போடுவது? கூரை வாங்குகிற காரியம் கையெழுத்து வாங்குகிற காரியமாக மாறிப்போனது. அதனால்தான் சொல்கிறேன், தாத்தாவின் மரணச் சான்றிதழையும் நில வரி ரசீதையும் எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய், 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். பெரும்பாலும் வக்கீல் இல்லாமலே முடிகிற காரியம்தான். சித்தப்பா, அத்தைமார்களோடு பேசி முடிப்பதுதான் கஷ்டம், அதை இப்போதே ஆரம்பியுங்கள்.

நிலம் சரியானால், அல்லது நில உரிமையாளர்கள் சம்மதம் எழுதிக் கொடுத்தால், கடனே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. பிபிஆர்டி என்று நம் ஆட்கள் இன்னும் சொல்கிற வீட்டு உதவித் திட்டம், கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கீழ் வருகிறது. புதிதாகக் கட்டியும் தருவார்கள், இருப்பதைப் பழுதுபார்த்தும் தருவார்கள், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை. இதற்கு முதல் படி, ஏழைக் குடும்பங்களின் அரசாங்கப் பதிவேடான இ-காசேவில் (eKasih) பெயர் இருப்பது. மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். 2022 கணக்குப்படி வறுமைக்கோட்டு வருமானம் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி (ரிங்கிட்). 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒருவர் மட்டும் உழைக்கும் வீடு அதற்குள் வந்துவிடும், அதே வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் மகன் சம்பளமும் சேர்ந்தால் தாண்டிவிடும். ஈப்போவில் தனிக் குடித்தனம் இருக்கிற பிள்ளையை வீட்டு ஆளாக எழுதி வைக்காதீர்கள், உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும்.

வருமானம் அதற்கு மேலே என்றால் ரூமா மெஸ்ரா ராக்யாட் என்கிற அரசாங்க வீட்டுத் திட்டம். சொந்த நிலத்தில் மூன்று அறை வீடு, செலவில் ஒரு பங்கு அரசாங்க மானியம், மீதி மாதத் தவணை. உங்கள் குடும்பத்துக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன், விண்ணப்பம் மட்டும் சம்பாதிக்கிற பிள்ளை பெயரில் இருக்கட்டும். பே சிலிப் இல்லாத சிறுதொழில் என்றால் வங்கிக் கடனுக்கு எஸ்ஜேகேபி என்கிற அரசாங்க வீட்டுக் கடன் உத்தரவாதம் இருக்கிறது, 2008இலிருந்து நடக்கிறது.

தோட்டத் தொழிலாளருக்கென்று பிஎஸ்என் (தேசிய சேமிப்பு வங்கி) வழியாக வந்த கடனைப் பற்றியும் சிலர் சொல்வார்கள்: 60,000 வெள்ளி வரை, 4 விழுக்காடு, 40 வருடம், இரண்டாம் தலைமுறையும் கட்டலாம். அந்தக் கணக்கில் மாதம் சுமார் 250 வெள்ளிதான் வரும், கேட்க இனிப்பாக இருக்கும். நாற்பது வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள், 1,20,000 வெள்ளி. 60 வயதில் அப்பா கையெழுத்துப் போட்டால் கட்டப் போவது நீங்கள்தான், அதனால் நீண்ட கடனை அவர் தலையில் ஏற்றாதீர்கள். அவருடைய ஈபிஎஃப் (சேமநிதி) பணத்தையும் மொத்தமாகச் சிமெண்டில் கொட்டிவிட வேண்டாம். அம்மாவுக்கு மருந்து வாங்கவும் அதுதானே இருக்கிறது.

நிலம் எந்த மாவட்டம், பத்திரத்தில் விவசாய நிலமா கட்டட நிலமா என்று போட்டிருக்கும், பார்த்து எழுதுங்கள். அது தெரிந்தால் எந்தப் பாரம் முதலில் என்று சொல்கிறேன்.